மிட்டாய் வரும் முன்னே, சைக்கிள் வரும் பின்னே

பிரியான்சோனிலிருந்து லோத்தாரே கணவாய்க்கு ஏறும் சாலை கிசான் ஆற்றை ஒட்டியே போகிறது. ஏறும்போது இடக்கைப் பக்கம் எக்ரான் மலைத்தொடர். ஜூலை பிறந்தும் அதன் உச்சிகளில் பனி கரையவில்லை. நடுவழியில் மோனெத்தியே-லே-பேன் என்றொரு ஊர். வெந்நீர் ஊற்றுக்குப் பெயர்பெற்றது, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் பெரும் ஏற்றங்களில் ஒன்றான கலிபியே இங்கேதான் தொடங்குகிறது. இந்த ஊரைத் தாண்டி 23 கிலோமீட்டர் மிதித்தால் 2,642 மீட்டர் உயரத்தில் கணவாய். 2024 ஜூலை 2, செவ்வாய்க்கிழமை, பந்தயத்தின் நான்காம் நாள். வீரர்கள் இத்தாலியின் பினரோலோவில் புறப்பட்டு, இந்த வழியாக ஏறி, மறுபக்கம் வல்வாரில் இறங்க வேண்டும். 139.6 கிலோமீட்டர்.

நான் வந்தது பந்தயத்துக்காக. என்னை அழைத்துவந்த மாமா வந்தது அதற்கு முன்னால் வரும் வண்டிகளுக்காக.

மாமா பாண்டிச்சேரிக்காரர். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் வீட்டைப் பாண்டியில் சொல்தா வீடு என்று சொல்வார்களே, அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை. ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று இப்போது கிரனோபிளில் இருக்கிறார். லோத்தாரே சாலையை மூடிவிடுவார்கள் என்பதால் முதல்நாள் மாலையே பேத்தியையும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார். காலையில் எழுந்து பார்த்தால் சாலையின் இரு ஓரமும் மனிதர்கள். படுக்கையும் அடுப்பும் உள்ள வேன்களில் வந்தவர்கள் மேசை நாற்காலியை வெளியே போட்டு ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் கையில் துணிப்பை. ஒரு பாட்டி குடையோடு வந்து உட்கார்ந்தார். வானத்தில் மழைக்கான குறி எதுவும் இல்லை.

"பாட்டி குடையை எதுக்கு வெச்சிருக்காங்க தெரியுதா தம்பி?" என்றார் மாமா. "வண்டி வந்ததும் தலைகீழாப் பிடிப்பாங்க. விழறதெல்லாம் உள்ளே விழும். நீங்க சாப்பாட்டை இப்பவே முடிச்சிடுங்க. அவங்க வரும்போது ரெண்டு கையும் சும்மா இருக்கணும்."

நண்பகல் தாண்டியபோது பள்ளத்தாக்கின் கீழிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. முதலில் போலீஸ் மோட்டார் சைக்கிள்கள். பின்னால் மஞ்சள் நிறம். முன்னணி வீரரின் மஞ்சள் பனியனுக்குப் பணம் தரும் எல்.சி.எல். வங்கியின் வண்டிகள், கூரைமேல் ராட்சத உருவங்களோடு வளைவில் திரும்பின. அதற்கப்புறம் வந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல என்னால் ஆகாது. லெக்லேர்க் பல்பொருள் அங்காடியின் வண்டிகள், வெள்ளையில் சிவப்புப் புள்ளி போட்டு. மலை ஏறுவதில் முதல்வனுக்குத் தரும் பனியனின் அதே புள்ளிகள். கொஷோனூ என்ற சாசேஜ் நிறுவனத்தின் பழைய சித்ரோன் கார்கள், உடம்பெங்கும் சிவப்பு வெள்ளைக் கட்டம். ஆளுயரத்தைவிடப் பெரிய தின்பண்டங்கள், பொம்மைகள், பாட்டில்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பாட்டு. ஒன்றின் பாட்டு முடிவதற்குள் அடுத்ததன் பாட்டு அதன்மேல் ஏறிவிடுகிறது. வண்டிகளின் மேல்தட்டில் இளைஞர்களும் பெண்களும் இடுப்பில் பாதுகாப்புப் பட்டை கட்டி நின்று, ஆடிக்கொண்டே கைநிறைய அள்ளி வீசுகிறார்கள். மிட்டாய்ப் பை, சாவிக்கொத்து, துணித்தொப்பி, சின்ன கேக் பொட்டலம், விரலளவு சாசேஜ்.

பாட்டியின் குடை நிரம்பிக்கொண்டிருந்தது.

நான் பார்த்தது கூட்டத்தின் முகங்களைத்தான். நடுவயதுக்காரர் ஒருவர் சிவப்புக் கட்டம் போட்ட தொப்பியை எட்டிப் பிடித்துத் தலையில் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரைப் பார்த்துக் கைதூக்கிக் கூவினார். அந்தத் தொப்பி கடையில் வாங்கினால் ஐந்தாறு யூரோகூடப் பெறாது. ஆனால் கடையில் வாங்கியதை மாட்டிக்கொண்டு யாரும் அப்படிக் கூவ மாட்டார்கள். என் சின்ன வயதில் எங்கள் ஊர் தியேட்டரில் படம் மாறும்போது மாட்டுவண்டியில் தட்டி கட்டி, ஒலிபெருக்கி வைத்து, பிட் நோட்டீஸ் வீசிக்கொண்டு போவார்கள். ரோஸ் கலரும் பச்சையுமாகக் காகிதம் பறக்கும். நாங்கள் தெரு முடியும்வரை பின்னாலேயே ஓடுவோம். படத்தைப் பார்க்க வீட்டில் காசு தரமாட்டார்கள் என்பது தெரிந்துதான் ஓடினோம். அந்த ஓட்டத்தில் இருந்தது இங்கேயும் இருந்தது.

இந்த ஊர்வலம் எப்படிப் பிறந்தது என்பது தெரிந்தால்தான் அது வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாதது புரியும். டூர் டி பிரான்ஸே விளம்பரத்துக்காகப் பிறந்த பந்தயம். லோட்டோ என்ற விளையாட்டு நாளிதழ், தன் விற்பனையைக் கூட்ட 1903-இல் அதைத் தொடங்கியது. பத்திரிகை மஞ்சள் காகிதத்தில் அச்சானது. முன்னணியில் இருப்பவர் அணியும் பனியனின் மஞ்சளுக்கு அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். ஆசிரியர் ஆன்ரி டெக்ரான்ஜ் கண்டிப்பானவர். வீரன் தனியாகப் போராட வேண்டும், தன் சைக்கிளைத் தானே பழுதுபார்க்க வேண்டும் என்று விதி வைத்தவர். அவருக்குப் பெரிய தலைவலி சைக்கிள் கம்பெனிகள். வீரர்களுக்குச் சம்பளம் தருவது அவர்கள்தான் என்பதால் யார் ஜெயிக்க வேண்டும் என்பதிலும் அவர்கள் கை நீண்டது. 1929-இல் அல்சியோன் கம்பெனி அணியின் மொரிஸ் டி வாலே காய்ச்சலோடு நிற்கக்கூட முடியாமல் இருந்தார். அணியினர் அவரைக் காபந்து பண்ணிக் கடைசிவரை கொண்டுவந்து ஜெயிக்க வைத்தார்கள். ஒரு பிணத்தை ஜெயிக்க வைத்துவிட்டார்கள் என்று டெக்ரான்ஜ் மனம் வெறுத்துப்போனார்.

அடுத்த ஆண்டே கம்பெனி அணிகளை ஒழித்து நாட்டு அணிகளைக் கொண்டுவந்தார். எல்லாருக்கும் பெயர் எழுதாத ஒரே மாதிரி சைக்கிள். கம்பெனிகளைத் துரத்தியாயிற்று, அவர்கள் கட்டிவந்த செலவை யார் கட்டுவது? வீரர்களின் சாப்பாடு, தங்குமிடம், சைக்கிள் எல்லாம் இப்போது பத்திரிகையின் தலையில். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 1930-இல் விளம்பர வண்டிகளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பந்தயத்துக்கு முன்னால் போக இடம் கொடுத்தார். முதலில் பெரிதாக வந்தது மெனியே சாக்லேட் நிறுவனம். வழியெங்கும் டன் கணக்கில் சாக்லேட்டும், தன் பெயர் அச்சிட்ட 5 லட்சம் காகிதத் தொப்பிகளும் அது கொடுத்ததாகச் சொல்வார்கள். அந்த ஆண்டு ஜெயித்தவர் பிரான்ஸின் ஆந்த்ரே லெடுக்.

மிட்டாய் வண்டிகள் வந்ததால்தான் சைக்கிள் கம்பெனிகளின் பிடி தளர்ந்தது. இதை நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கிறது. கால்பந்து மைதானத்துக்கும் டென்னிஸ் அரங்குக்கும் டிக்கெட் உண்டு. முன்வரிசை, பின்வரிசை உண்டு. இந்தப் பந்தயத்துக்கு டிக்கெட் கிடையாது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அதுவே முன்வரிசை. மோனெத்தியேயின் சாலையோரத்தில் டாக்டரும் ஆடு மேய்ப்பவரும் ஒரே கல்லில் உட்கார்ந்திருக்க முடிகிறது. அந்த இடத்துக்கான காசை 1930 முதல் சாக்லேட்டும் பாலாடைக்கட்டியும் சாசேஜும் கட்டிவருகின்றன. இன்று ஊர்வலத்தில் இடம் பிடிக்க ஒரு நிறுவனம் லட்சக்கணக்கான யூரோ கொடுக்கிறது. நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாக மக்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கியிருந்தால், இந்தப் பந்தயம் மலை ஊர்களுக்குள் வந்தே இருக்காது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகள்தாம் ஊர்வலத்தின் பொற்காலம். வண்டிகளைப் பேனா வடிவிலும் பாட்டில் வடிவிலும் பட்டறைகளில் தனியே செய்தார்கள். 1950-களில் இவெத் ஓர்னேர் என்ற அக்கார்டியன் கலைஞர் சித்ரோன் காரின் மேல் உட்கார்ந்து, வெயிலும் மழையும் பாராமல் வழிநெடுக வாசித்துக்கொண்டே போனார். மாலையில் வீரர்கள் சேரும் ஊரில் மேடை கட்டி அவருடைய கச்சேரி. தொலைக்காட்சி இல்லாத கிராமங்களுக்கு, ரேடியோவில் மட்டும் கேட்ட ஒரு கலைஞர் கண்முன்னே கார்மேல் வாசித்தபடி போவதென்றால் அது எப்படி இருந்திருக்கும்! 11 முறை அவர் இந்தப் பந்தயத்தோடு போயிருக்கிறார். 2018-இல் அவர் இறந்தபோது பிரான்ஸின் பத்திரிகைகள் அந்தக் கார்மேல் இருந்த படத்தைத்தான் தேடியெடுத்துப் போட்டன.

இன்றைய கணக்கு வேறு. சுமார் 150 வண்டிகள், 30-க்கு மேற்பட்ட நிறுவனங்கள், வரிசை ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஓரிடத்தைக் கடந்துமுடிக்க அரைமணிக்கு மேல் ஆகிறது. மூன்று வாரத்தில் ஒன்றரைக் கோடி பொருள்கள் கைமாறுகின்றன. பார்க்க வருபவர்களில் 47 விழுக்காட்டினர் முதன்மையாக ஊர்வலத்துக்காகவே வருகிறார்கள் என்று அமைப்பாளர்களே நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். அந்தச் சாலையோரத்தில் நின்ற பிறகு எனக்கு அந்த எண் குறைவாகத்தான் தோன்றியது.

கடைசி வண்டி போனதும் இரண்டு மணிநேர இடைவெளி. ஊர் முழுக்கச் சந்தையாகிவிட்டது. குழந்தைகள் புல்லில் துண்டு விரித்து, கிடைத்ததைப் பரப்பி, பண்டமாற்றுச் செய்தார்கள். மாமாவின் பேத்திக்கு இரண்டு கட்டம்போட்ட தொப்பி. அதில் ஒன்றைக் கொடுத்துப் புள்ளிபோட்ட தொப்பி வாங்க, ஒரு பெல்ஜியப் பையனோடு வெகுநேரம் பேரம் நடந்தது. அவன் இரண்டு சாவிக்கொத்து சேர்த்துக் கேட்டான். அவள் ஒன்றிலேயே நின்றாள்.

"தாத்தா, அவன் ஏமாத்தறான்!"

"நீயே பேசிக்கோம்மா. நான் குறுக்கே வரமாட்டேன்" என்று மாமா சிரித்தார்.

அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னது மனதில் தங்கிவிட்டது. பிரான்ஸுக்கு வந்த புதிதில் யாரோடும் பேச்சுக் கிடையாதாம். பாண்டியில் படித்த பிரெஞ்சு வேறு, பாசறையில் பேசும் பிரெஞ்சு வேறு. முதல் கோடையில் கூட்டாளிகள் ஒரு சாலையோரத்துக்கு இழுத்துப் போனார்கள். "பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தனக்குக் கிடைச்ச ரெண்டு சாக்லேட்ல ஒண்ணை என் கையில வெச்சாங்க தம்பி. பேரு கேட்டாங்க, ஊரு கேட்டாங்க. அதுவரைக்கும் யாரும் கேட்கலை."

இதில் இருட்டான பக்கம் இல்லாமல் இல்லை. 2000-இல் தென்பிரான்ஸில் 12 வயதுச் சிறுவன் ஒருவனும், 2002-இல் தென்மேற்கில் 7 வயதுச் சிறுவன் ஒருவனும் இதே ஊர்வலத்தின் வண்டிகளில் அடிபட்டு இறந்தார்கள். வண்டியிலிருந்து பண்டம் விழுகிறது. எதிர்ப்பக்கம் நிற்கும் குழந்தை அதை மட்டும்தான் பார்க்கிறது. அடுத்த வண்டி வருவது அதன் கண்ணில் படுவதில்லை. இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. இன்று ஓட்டுநர்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு. பொருள் சாலையின் நடுவே விழக்கூடாது, ஓரத்தில் நிற்பவர்கள் பக்கமாகத் தாழ்வாக வீச வேண்டும் என்று கட்டுப்பாடு உண்டு. எங்கள் முன்னால் ஒரு சாவிக்கொத்து வெள்ளைக்கோட்டைத் தாண்டிச் சாலையில் விழுந்தபோது, எடுக்க எட்டிய பேத்தியின் தோளை மாமா இறுகப் பிடித்துக்கொண்டார். கடைசி வண்டி போகும்வரை விடவில்லை. அந்த இரண்டு குழந்தைகளின் கதை இங்கே பெற்றோர்கள் பலருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஒரு மிட்டாய்க்காக ஓர் உயிர் போனது என்பதை எந்தக் கொண்டாட்டமும் மூடிவிடக் கூடாது.

குப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றரைக் கோடிப் பொருளில் வீடுவரை போவது எவ்வளவு, மறுநாளே குப்பைத்தொட்டிக்குப் போவது எவ்வளவு? பிளாஸ்டிக் உறையைக் குறைக்கச் சொல்லி அமைப்பாளர்கள் இப்போது நிறுவனங்களை நெருக்குகிறார்கள். காகித உறையும் துணிப்பொருளும் கூடிவருகின்றன. இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது. எனக்குத் தோன்றுவது இதுதான்: எண்ணிக்கையைப் பாதியாக்கினாலும் சாலையோரத்தின் சந்தோஷம் பாதியாகிவிடாது. யாரும் அங்கே எண்ணிப் பார்த்து மகிழ்வதில்லை. தொப்பி தலையில் இருக்கும். தின்பது வயிற்றில் போகும். பத்து நிமிடத்தில் உடையும் பிளாஸ்டிக் சாமான் எவருக்கும் தேவையில்லை.

பந்தயம் வந்தது. முதலில் ஹெலிகாப்டர் சத்தம், பிறகு கார்கள், பிறகு முன்னால் பிரிந்துவந்த சிலர், சற்றுப் பின்னால் பெருங்கூட்டம். சக்கரங்களின் ரீங்காரமும் சங்கிலிச் சத்தமும் ஒரு காற்றுப்போல் கடந்தன. முதல்நாள்தான் எரித்திரியாவின் கிர்மாய் துரினில் ஜெயித்து, இந்தப் பந்தயத்தில் ஒரு நாளை வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் ஆகியிருந்தார். அவரைப் பார்த்துவிட வேண்டும் என்று கண்ணை விரித்து நின்றேன். முகங்கள் பிரிந்து தெரியும் முன்பே கூட்டம் கடந்துவிட்டது. ஈக்வடாரின் கரபாஸ் அன்று மஞ்சள் பனியனில் இருந்தார். அந்த மஞ்சள் மட்டும் ஒரு கணம் தெரிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மாலைக்குள் கலிபியேயின் உச்சி நெருங்கும் இடத்தில் பொகாச்சர் என்ற வீரர் திடீரென வேகமெடுத்துப் பிரிந்து, வல்வாரில் தனியாக வந்து சேர்ந்து, மஞ்சளைத் தனதாக்கிக்கொண்டார் என்பதை ஊர்க் காபிக்கடைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம்.

மறுநாள் அதிகாலை கலிபியே வழியாகவே காரில் ஏறினோம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, சுரங்கப்பாதையின் வாயருகே டெக்ரான்ஜுக்கு உருளை வடிவக் கல்தூண் ஒன்று நிற்கிறது. 1949-இல் எழுப்பியது. இந்த ஏற்றத்தை அவர் எல்லாவற்றுக்கும் மேலாக நேசித்தார். தனியாகப் போராடும் வீரனைக் கனவு கண்ட அந்தக் கண்டிப்பான மனிதருக்கு, சாக்லேட் வண்டிகளுக்கு வழிவிட எவ்வளவு மனக்கசப்பு இருந்திருக்கும்! இருந்தும் விட்டார். தன் பந்தயம் கம்பெனிகளின் கையில் போகாமல் நிற்க அதைத் தவிர வழியில்லை என்று கண்டுகொண்டார். தூணைச் சுற்றிலும் பனி குவிந்திருந்தது. முந்தின நாள் சாலையில் பெயிண்டில் எழுதிய வீரர்களின் பெயர்கள் அழியாமல் இருந்தன.

இறங்கி சேன்-ழான்-த-மொரியென் நகரத்துக்குப் போனோம். ஐந்தாம் நாள் அங்கேதான் புறப்பாடு. ஊருக்கு வெளியே ஊர்வல வண்டிகள் வரிசையாக நின்றன. பாட்டு இல்லாமல் அவற்றைப் பார்க்க வேறு மாதிரி இருந்தது. ஆட்கள் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து மேல்தட்டின் தொட்டிகளில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பலர் கல்லூரி மாணவர்கள். கோடை விடுமுறை வேலை. ஒரு பெண் தோளில் வலிநிவாரணத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரே பாட்டுக்கு நாள்முழுக்க ஆட வேண்டும், மூன்று வாரமும் அதே பாட்டு என்றாள். எறியும் கை இரவில் தூக்க முடியாமல் வலிக்கிறதாம். ஆனாலும் அடுத்த ஆண்டும் வருவாளாம்.

"எதற்கு?" என்று மாமா பிரெஞ்சில் கேட்டார்.

மலைமேல் ஒரு வீட்டு வாசலில் சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தார், அவர் மடியில் குறிபார்த்துப் போட்டேன், சரியாக விழுந்தது, நானும் கத்தினேன், அவரும் கத்தினார் என்றாள். காலையிலிருந்து சந்திப்பவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று பக்கத்தில் நின்ற பையன் சொன்னான்.

நேற்றுப் பொகாச்சர் ஏறியதைப் பார்த்தாயா என்று கேட்டேன். அவள் தலையசைத்தாள். எப்போதும் இரண்டு மணிநேரம் முன்னால் போய்விடுவதால் சாலையில் வீரர்களைப் பார்ப்பதே இல்லை. இரவில் அப்பா போன் பண்ணி யார் ஜெயித்தார் என்று சொல்வார். பதிலுக்கு அவள், அன்று எந்தெந்த ஊரில் கூட்டம் அதிகம் என்று சொல்வாள். அவருக்கு அதைத்தான் கேட்கப் பிடிக்குமாம்.

விசில் ஊதினார்கள். அவள் ஏறி நின்று இடுப்புப் பட்டையை மாட்டினாள். மேற்பார்வையாளர் ஒருவர் வண்டி வண்டியாகப் பட்டைகளை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். முன்வண்டியில் பாட்டு ஆரம்பித்தது, அடுத்ததில், அதற்கடுத்ததில். நாங்கள் சாலையோரம் நின்றிருந்தோம். பேத்தி பையை விரித்துக்கொண்டு முன்னால் வந்தாள். மாமா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.